வெர்னா ஹுடாக்கின் மணிக்கட்டு

மேசையின் மேல் ஐந்து பவுலிங் கட்டைகள் நின்றன. இரண்டைச் சுட்டுக் கீழே தள்ளிவிட்டாள் வெர்னா ஹுடாக். மூன்றாவதற்குக் குறிவைத்து விசையை இழுத்தாள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கழன்றுபோன தாழ்ப்பாள் மாதிரி விசை முன்னும் பின்னும் சும்மா ஆடியது. குண்டும் வெடிக்கவில்லை, சுத்தியலும் அசையவில்லை. அவள் துப்பாக்கியின் மேல் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டாள். நல்ல தோட்டா ஒன்று துள்ளி வெளியே வந்து சரளைக்கல்லில் விழுந்தது. விசைக்கு உயிர் வந்தது. மிச்ச மூன்று கட்டைகளையும் தள்ளினாள். ஆனால் அதற்குள் பக்கத்து மேசைக்காரன் தன் ஐந்தையும் முடித்துவிட்டுக் காதடைப்பானைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அது 2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு. பென்சில்வேனியாவின் மேற்கே, அலெகெனி ஆற்றங்கரையில் இருக்கும் ஹோல்டன்போர்ட் துப்பாக்கி கிளப்பில் அந்த வருடத்தின் முதல் போட்டி. பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் வெர்னா ஒருத்திதான் பெண். ஆட்டத்துக்கு ஐந்து சுற்று வீதம் மூன்று ஆட்டம் நன்றாகச் சுட்டவள் நான்காவதில் கவிழ்ந்து கடைசி இடத்துக்குப் போனாள்.

நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு நின்றவன் லாயிட் கிரேபில். கிளப்பின் செயலாளர் அவன்தான், ஊரில் இருந்த ஒரே துப்பாக்கிக் கடையும் அவனுடையதுதான். அந்தத் துப்பாக்கியை ஒரு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு விற்றவனும் அவன்தான். அவன் அவள் அருகில் வந்து, எல்லாருக்கும் கேட்கும் குரலில் சொன்னான்.

"துப்பாக்கி மேல தப்பே இல்ல கண்ணு. சுடுறப்போ உன் மணிக்கட்டு தொய்யுது. கை கெட்டியா நின்னாத்தான் ஸ்லைடு முழுசாப் பின்னால போகும். பொம்பளைங்களுக்கு இது சகஜம்தான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் தன் கையை வாடிய கீரைத்தண்டு போலத் தொங்கவிட்டுக் காட்டினான். வெர்னா சரளையில் கிடந்த தோட்டாவை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. பத்தொன்பதாவது வயதில் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலையில் சேர்ந்தவள். முதல் பன்னிரண்டு வருடம் சூடு ஆறாத ஜாடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. ஒரு கைக்கு நாலு ஜாடி, விரலை அகல விரித்துப் பிடிக்க வேண்டும். அதில்தான் விரல் மூட்டுகள் போயின. பிறகு சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவள் கண்ணுக்குத்தான் வேலை. வெளிச்சத்தின் முன் ஓடும் ஜாடிகளில் மயிரிழை விரிசலையும் அவள் விடமாட்டாள். ஒரு லோடு ஜாடியின் மேல் அவள் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டால் அதை மாற்ற மேஸ்திரிக்கும் அதிகாரம் கிடையாது. அந்தப் பெருக்கல் குறிக்காக அவளிடம் கத்தியவர்கள் உண்டு, கெஞ்சியவர்கள் உண்டு. அவள் கணவன் எமில் ஃப்ளோரிடாவில் இன்னொருத்தியோடு குடியேறிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வீடும் நாயும் இவளிடம் தங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடுவது ஒன்றுதான் அவள் தனக்காகச் செய்துகொண்டது.

அதையும் விரல் மூட்டுகள் பறிக்கப் பார்த்தன. அவளுடைய பழைய ரிவால்வரின் விசை கனம். இருபது முறை இழுத்தால் ஆள்காட்டி விரல் வீங்கிவிடும். சுத்தியலை முன்கூட்டியே நிமிர்த்தி வைத்துக்கொண்டு சுடும் ரகங்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. நிமிர்ந்த சுத்தியலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். அப்படி இருக்கும்போதுதான் மார்ச் மாதம் லாயிட் கடையில் இந்தத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தாள். விசையை இழுக்க வேண்டிய தூரம் நீளம், பழைய ரிவால்வர் மாதிரியே. ஆனால் கனமே இல்லை. உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங்கை ஸ்லைடே பின்னால் போகும்போது அழுத்தி வைத்துவிடும், ஒரு சின்னக் கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். விரலுக்கு மிச்சம் இருப்பது சுத்தியலைத் தூக்கிவிடும் வேலை மட்டும்தான். கடையில் நின்றபடியே வெற்றுத் துப்பாக்கியை முப்பது தடவை இழுத்துப் பார்த்தாள். விரல் வலிக்கவில்லை. முப்பத்தோராவது தடவை கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதை லாயிட் பார்க்காதபடி திரும்பி நின்று, எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

போட்டியில் தோற்ற பிறகு இரண்டு வாரம் அவள் லாயிட் சொன்னதை நம்பினாள். பின்னாளில் அவளுக்கு வந்த கோபத்திலெல்லாம் பெரிய கோபம் இதன் மேல்தான். கேலி செய்தவர்களைக்கூட விட்டுவிடலாம், தானே நம்பினோமே என்பதை விழுங்க முடியவில்லை. சமையலறையில் உட்கார்ந்து ரப்பர் பந்தைப் பிசைந்தாள். மணிக்கட்டில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஏற்கெனவே கெட்டுப்போன கையை இன்னும் கெடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு சனிக்கிழமை காலை கிளப்புக்குத் தனியாகப் போய், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தோள் நடுங்க நடுங்கச் சுட்டாள். அறுபத்தெட்டாவது குண்டில் விசை செத்துப்போனது.

அவள் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கட்டுத்துணியை அவிழ்த்தாள். காரில் இருந்து தொழிற்சாலை நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். தேதி, வெயில், எத்தனையாவது குண்டு, எந்தத் தோட்டாக்கூடு என்று எழுத ஆரம்பித்தாள். துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் மூன்று தோட்டாக்கூடுகளின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி வைத்தாள், எந்தக் கூட்டில் கோளாறு என்று தெரிய வேண்டுமே. மே மாத முடிவில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூட்டில் கோளாறு இல்லை. தோட்டாவில் கோளாறு இல்லை. துப்பாக்கி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறைகூடத் தவறுவதில்லை. அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில், இரும்பு சூடேறிய பிறகு, அந்தச் சின்னக் கொக்கி ஸ்பிரிங்கை நழுவ விடுகிறது.

லாயிட் மூலமாகத் துப்பாக்கியைத் தயாரித்தவர்களுக்கே அனுப்பினாள். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு. 'ஐம்பது தோட்டாக்கள் சுட்டுச் சோதிக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை. சுடுபவர் தம் பிடியைச் சரிசெய்துகொள்ளவும்.' லாயிட் அதைக் கவுண்டரில் வைத்துத் தட்டிக் காட்டினான். ஐம்பதோடு நிறுத்திக்கொண்டு அறுபதில் வரும் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று அவள் கேட்டாள். ஜாடியைப் பச்சைத்தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டு வெந்நீருக்குத் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தால் தன்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னாள். லாயிட் அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைத்தான்.

ஊர் நூலகத்தில் கணினி இருந்தது. நூலகக்காரப் பெண்ணிடம் கேட்டு, அந்த ரகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளும் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். பெரும்பாலும் புகழ்ச்சிதான். அரிசோனாக்காரர் ஒருவர் பத்தாயிரம் குண்டு சுட்டும் ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை என்று எழுதியிருந்தார். ஜார்ஜியாவில் ஒரு போலீஸ்காரர், இந்த விசைக்குப் பழகிய விரல் வேறு எதையும் தொடச் சம்மதிக்காது என்று எழுதியிருந்தார். வெர்னா அதையெல்லாம் மறுக்கவில்லை, அவளுக்கும் அதே எண்ணம்தான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல். ஆனால் நாற்பது பேரில் ஆறு பேர் அவள் நோட்டில் எழுதியதையே எழுதியிருந்தார்கள். சூடேறிய பிறகு விசை செத்துப்போகிறது. ஸ்லைடை இழுத்தால் பிழைத்துக்கொள்கிறது.

இரண்டு விரலால் தட்டி, அவள் தன் கணக்கைப் போட்டாள். முதல் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. அம்மணி, முதலில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது பதில் மூன்று நாள் கழித்து ஓரிகானில் இருந்து வந்தது. எழுதியவர் வின்டன் என்பவர், கடைசல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கொக்கியைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார். கூராக இருக்க வேண்டிய ஓரம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்ததாம். புதுக் கொக்கி போட்டதும் சரியாகிவிட்டதாம். என் மணிக்கட்டு தொய்கிறது என்று என்னிடமும் சொன்னார்கள், நான் இருநூற்றறுபது பவுண்டு ஆள் என்று முடித்திருந்தார். வெர்னா நூலகத்தில் உட்கார்ந்தபடி சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்தக் கோடையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கிளப்பில் அவளுக்கு நண்பன் என்று சொல்லக்கூடியவன் ஸ்டாஷ் வோய்டிக். நிலக்கரி லாரிகளுக்கு மெக்கானிக். வாசலில் குனிந்து நுழைகிற உயரம், ஒரு கையால் லாரி டயரைத் தூக்குகிறவன். ஜூலை மாதம் ஒரு நாள் வேலை முடிந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தாள். எழுபத்தெட்டாவது குண்டில் விசை செத்தது. ஸ்டாஷ் அதை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான்.

"இது மணிக்கட்டு இல்ல வெர்னா."

"இத நீ லாயிட் முன்னால சொல்லுவியா?"

"சொல்றேன். ஏன் சொல்லக்கூடாது?"

அடுத்த ஞாயிறு போட்டி முடிந்து எல்லாரும் ஐஸ்பெட்டியைச் சுற்றி நின்றபோது அவள் பேச்சை எடுத்தாள். ஸ்டாஷின் கையிலும் செத்தது, அவனையே கேட்டுப் பாருங்கள் என்றாள். எல்லாரும் ஸ்டாஷைப் பார்த்தார்கள். லாயிட்டும் பார்த்தான். கிளப்பின் கூரையைச் சரிசெய்யும் வேலையை லாயிட் அந்த மாதம்தான் ஸ்டாஷின் தம்பிக்குக் கொடுத்திருந்தான். ஸ்டாஷ் பிடரியைச் சொறிந்தான். தோட்டா கொஞ்சம் மட்டமானதாக இருந்திருக்கலாம் என்று முணுமுணுத்தான். பிறகு வண்டியில் ஏதோ எடுக்க வேண்டும் என்று போய்விட்டான்.

வெர்னாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. தன்னை நம்பாத மற்ற பதினேழு பேரின் மேல் வந்த கோபத்தைவிட அந்த ஒருத்தன் மேல் வந்த கோபம் பெரிது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள், தாயிடம் கற்ற ஸ்லோவாக் மொழியில் இருந்த அத்தனை வசவும் தீரும்வரை.

ஆகஸ்டில் லாயிட் ஒரு வழி சொன்னான். உடைமைக்காரர் எழுதினால் தயாரித்தவர்களிடம் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும், கடைக்காரன் எழுதினால் கவனிப்பார்கள். துப்பாக்கியை அவனே திரும்ப எடுத்துக்கொள்வான், கொடுத்த விலையில் பெரும்பகுதியைத் தந்துவிடுவான், அவள் குறிப்புகளையும் சேர்த்துத் தயாரித்தவர்களுக்கு அனுப்புவான். அவள் யோசித்துச் சம்மதித்தாள். நோட்டில் இருந்து பதினோரு பக்கத்தை நகல் எடுத்தாள். மேலே சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டாள். அவனிடம் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சரிபண்ணாம இத இன்னொருத்தருக்கு வித்துடக் கூடாது லாயிட். இத நம்பி ஒருத்தர் இடுப்புல வச்சுக்குவாங்க."

"எனக்குத் தெரியாதா கண்ணு," என்றான் அவன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவாலயத்துக் கூடத்தில் வறுத்த மீன் விருந்து. வெர்னா உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தட்டில் போடும் வரிசையில் நின்றாள். மார்லீன் ஷூப் தட்டை நீட்டினாள். முப்பத்தொரு வயது, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். மலைப்பாதையில் தனியாகக் காரோட்டிப் போகிறவள். அவளை விட்டுப் பிரிந்த கணவன் அவள் பக்கத்தில் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. அவன் இரண்டு தடவை வந்திருந்தான். இதெல்லாம் ஊருக்கே தெரியும். எப்படி இருக்கிறாய் என்று வெர்னா கேட்டதற்கு, இப்போது பயம் குறைந்திருக்கிறது, லாயிட் கடையில் ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கிறேன், விசை எவ்வளவு லேசு தெரியுமா என்றாள் மார்லீன்.

வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். பின்னால் நின்றவர்கள் தட்டோடு காத்திருக்க, அவள் சமையல் மேலங்கியைக்கூட அவிழ்க்காமல் மார்லீனோடு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். மார்லீன் காரின் இருக்கைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தாள். வெர்னா முதலில் துப்பாக்கியைத் தொடவில்லை. கூட இருந்த தோட்டாக்கூடுகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு புள்ளி. மூன்று புள்ளி.

"இதப்பத்தி லாயிட் உன்கிட்ட என்ன சொன்னான்?"

"முன்னாடி யாரோ ஒரு அம்மா வச்சிருந்தாங்களாம். அவங்களுக்குப் பிடிக்கவே வரலையாம். நல்ல துப்பாக்கின்னு சொன்னாரு."

"எத்தன குண்டு சுட்டுப் பாத்த?"

"முப்பது இருக்கும். ஏன் கேக்கறீங்க?"

வெர்னா தோட்டாக்கூடுகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு கிளப்புக்கு வா, இரண்டு பெட்டி தோட்டா நான் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மார்லீன்தான் சுட்டாள், வெர்னா பக்கத்தில் நின்று எண்ணினாள். எழுபத்தோராவதில் மார்லீனின் விரல் விசையோடு சேர்ந்து சும்மா பின்னால் போனது. மறுபடி இழுத்தாள். ஒன்றும் இல்லை. அவள் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுச் சரளையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரமாக இதை நம்பித்தான் கதவைத் திறந்தேன் என்றாள். முப்பது குண்டுக்குள் இது தவறாது என்பது வெர்னாவுக்குத் தெரியும், அதைச் சொல்லவும் செய்தாள். மழுங்கிய ஓரம் மேலும் மேலும்தான் மழுங்கும், அடுத்த மாதம் எத்தனையாவதில் தவறும் என்று யாருக்குத் தெரியும் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனார்கள். மான் வேட்டைக் காலம் நெருங்கிக்கொண்டிருந்ததால் கடையில் ஏழெட்டு பேர் நின்றார்கள். வெர்னா பெட்டியைக் கவுண்டரில் வைத்துத் திறந்து, மூன்று தோட்டாக்கூடுகளையும் புள்ளி மேலே தெரியும்படி வரிசையாக அடுக்கினாள்.

"என் பதினோரு பக்கம் எங்க லாயிட்?"

அவன் மார்லீனைப் பார்த்தான், பிறகு கடையில் நின்றவர்களைப் பார்த்தான். உள்ளே வா, பேசிக்கொள்ளலாம் என்றான். இங்கேயே பேசலாம் என்றாள் அவள். தயாரித்தவர்களே குறை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், குறை இல்லாத துப்பாக்கியை விற்பதில் என்ன தப்பு என்று அவன் கேட்டான். காகிதங்கள் எங்கேயோ இருக்கும், தேட வேண்டும் என்றான். கடைசியில் அவனுக்கே பொறுமை போய்விட்டது.

"ஒரு பொம்பள நோட்டுல கிறுக்கி வச்சத நம்பி நான் நல்ல சரக்க ஆத்துல போடணுமா?"

வெர்னா குரலை உயர்த்தவில்லை. தொழிற்சாலையில் மேஸ்திரிகள் கத்தும்போது பேசுகிற அதே தட்டையான குரலில் பேசினாள்.

"இருபத்துமூணு வருசமா நான் கிறுக்கறத வச்சுத்தான் இந்த ஊர்க் குழந்தைங்க சாப்பிடற ஜாடியில கண்ணாடித்தூள் இல்லாம இருக்கு. இவ கதவத் தட்டறவன் யாருன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இத இவ கையில குடுத்த."

ஒருவர் கையில் எடுத்திருந்த தோட்டாப் பெட்டியை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார்.

லாயிட் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றான். மார்லீன் கையை நீட்டப் போனாள். வெர்னா தடுத்தாள். திருப்பிக் கொடுத்தால் மறுபடி யாருக்காவது விற்றுவிடுவான் என்று அவன் எதிரிலேயே சொன்னாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய், படிவம் நிரப்பி, மாற்றிக்கொண்டார்கள். வெர்னாவின் பழைய ரிவால்வர் மார்லீனுக்கு. விசை கனம்தான், ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட ஏமாற்றாதது, மார்லீனின் விரலுக்கோ நோயில்லை. செத்துச் செத்துப் பிழைக்கும் துப்பாக்கி மறுபடி வெர்னாவிடம் வந்தது.

நவம்பரில் கிளப்பின் ஆண்டுக் கூட்டம். செயலாளர் தேர்தலுக்கு முன்னால் வெர்னா எழுந்து, பதினோரு பக்கத்தையும் படித்தாள். தேதி, வெயில், எத்தனையாவது குண்டு. சிலர் நெளிந்தார்கள். ஒருவன் காபி எடுக்கப் போனான். ஆறாவது பக்கத்தில் ஜூலை மாதம் வந்தது. அவள் நிறுத்தி, ஸ்டாஷைப் பார்த்தாள்.

"இது உன் கையில நடந்தது. எத்தனையாவது குண்டு ஸ்டாஷ்?"

அவன் தன் பூட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காத்திருந்தாள்.

"எழுபத்தெட்டு," என்றான் அவன். "தோட்டா நல்ல தோட்டாதான். அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

ஓட்டெடுப்பு நடந்தது. இருபத்திரண்டுக்குப் பத்தொன்பது. லாயிட்தான் மறுபடி செயலாளர். பத்தொன்பது ஓட்டு கிடைத்ததே பெரிய விஷயம் என்று மார்லீன் ஆறுதல் சொன்னாள். அதெல்லாம் தெரிந்த பிறகும் இருபத்திரண்டு பேர் கை தூக்கினார்களே என்பதுதான் வெர்னாவுக்கு நெஞ்சில் தைத்தது. வெளியே ஸ்டாஷ் அவள் காருக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். மன்னிச்சிடு என்றான். அவள் காகிதங்களை நீட்டி, கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை.

இந்த முறை தானே பார்சல் கட்டினாள். பதினோரு பக்கம், ஸ்டாஷின் சாட்சி, வின்டன் அனுப்பிய கொக்கியின் படம், கூடவே நூறு குண்டு சுடாமல் இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று ஒரு கடிதம். ஜனவரியில் துப்பாக்கி வந்தது. துண்டுச்சீட்டில் ஒரே வரி. 'உத்தரவாதத்தின் கீழ் பாகம் மாற்றித் தரப்பட்டது.' எந்தப் பாகம் என்றுகூட இல்லை. வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. முன்பு பிடியைச் சரிசெய்யச் சொன்னோமே, அது தவறு என்று இல்லை. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்திலாவது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். வெற்றுக் காகிதம். சமையலறை மேசையை ஓங்கி அடித்தாள், அதில் வீங்கிய மூட்டு இரண்டு நாள் வலித்தது.

பனி விலகிய ஒரு சனிக்கிழமை நானூறு குண்டு சுட்டாள். மார்லீன் எண்ணினாள். அறுபது கடந்தது, தொண்ணூறு கடந்தது, குழல் தொட முடியாமல் சுட்டது. ஒருமுறைகூட விசை சாகவில்லை. நீண்டு, லேசாக, வழுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு தடவையும் எதிர்பார்த்த இடத்தில் சுத்தியலை விட்டது. விரல் வீங்கவில்லை. இப்படித்தான் இது முதல் நாளே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்ததும் மறுபடி கோபம் வந்தது.

ஏப்ரல் போட்டியில் அவளுக்கு நான்காம் இடம். பத்தொன்பது பேரில் பதினைந்து ஆண்களைத் தோற்கடித்திருந்தாள். லாயிட் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மணிக்கட்டு தேறிடுச்சு போல."

"மணிக்கட்டு அதேதான் லாயிட். கொக்கிதான் புதுசு."

அவள் அவன் எழுதிய நேரத்தை எட்டிப் பார்த்து, தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி எழுதியிருக்கிறான் என்று சுட்டிக் காட்டினாள். அவன் அடித்துத் திருத்தும்வரை நகரவில்லை.

அதற்குப் பிறகு ஹோல்டன்போர்ட்டில் துப்பாக்கி வாங்க விரும்பும் பெண்கள் முதலில் வெர்னாவுக்குப் போன் செய்கிறார்கள். அவளும் கூடப் போகிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு மைல் தள்ளி வேறொரு கடை இருக்கிறது. அங்கேயும் கைகளைக் கட்டிக்கொண்டு கவுண்டர் பக்கத்தில் நிற்பாள். வாங்குவதற்கு முன்னால் நூறு குண்டு சுட்டுக் காட்டச் சொல்வாள், தோட்டா என் கணக்கு என்பாள். கடைக்காரன் முணுமுணுத்தாலும் மறுப்பதில்லை. மார்லீனின் பழைய கணவன் ஓஹியோவுக்குப் போய்விட்டான். ரிவால்வர் அவள் கார் இருக்கைக்கு அடியில் சும்மாதான் கிடக்கிறது. ஒருநாள் காரில் வரும்போது, இன்னும் உங்களுக்கு லாயிட் மேல் கோபமா என்று மார்லீன் கேட்டாள். வெர்னா முன்னால் வளைந்து ஏறும் மலைப்பாதையைக் காட்டினாள். பிறகு, நீ ஆறு வாரம் அந்தப் பழுதான துப்பாக்கியை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாயே, அந்தப் பாதைதான் இது என்றாள்.